அரை இஞ்ச் கௌரவம்

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. மெக்கானிக்குக் காசு கொடுப்பவர்கள் ஒரு வகை. மெக்கானிக்குத் தாமதமாகவும் அதிகமாகவும் காசு கொடுப்பவர்கள் இன்னொரு வகை. ‘நானே சரி பண்ணிக்குவேன்’ என்று மூன்றாவதாக ஒரு வகை இருப்பதாகச் சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் அவர்களும் இரண்டாவது வகையில்தான் அடக்கம். நான் அந்த உட்பிரிவைச் சேர்ந்தவன்.

சேலையூரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் நிற்பது 1978 மாடல் அம்பாசடர், மார்க் 3. மாமனார் வைத்திருந்த கார். அவருடைய படம் கூடத்தில் மாலையோடு இருக்கிறது. கார் வாசலில் மாலை இல்லாமல் இருக்கிறது. இரண்டையும் துடைக்கும் பொறுப்பு என்னுடையது. விற்றுவிடலாம் என்ற பேச்சை வீட்டில் எடுக்க முடியாது. “அப்பா ஞாபகமா இருக்கிறது இது ஒண்ணுதான்” என்பாள் என் மனைவி. அப்பா ஞாபகமாக ஒரு பீரோ, ஒரு தேக்குக் கட்டில், ஒரு கிரைண்டர், என் மச்சினன் ஆகியவையும் இருக்கின்றன என்று எடுத்துச் சொல்ல எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

வம்சம் என்று பார்த்தால் இந்தக் கார் சாமானியம் இல்லை. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்று பிறந்து, 1950களின் பிற்பாதியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவுக்கு வந்து, அம்பாசடர் என்று பெயர் வைத்துக்கொண்டு, 2014 வரை தயாரிப்பில் இருந்த குடும்பம். உள்ளே இருக்கும் 1489 சி.சி. இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரிஸ்’ ரகம். இதே அளவு இன்ஜினை 1955இல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்தார்கள். மூத்தவன் அங்கே இரட்டைக் கார்புரேட்டரோடு பந்தயம் ஓடினான். இளையவன் இங்கே ஒற்றைக் கார்புரேட்டரோடு கலெக்டரையும் கல்யாணப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு போனான். எங்களுக்கு வாய்த்தது இளையவன். அவனுக்குத்தான் ஒருநாள் ‘டிக் டிக்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது.

சத்தம் வந்தவுடன் எதிர்வீட்டு ஐ.சி.எஃப். சார் வந்துவிட்டார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் விஷயத்தில் தெருவுக்கே அவர்தான் அத்தாரிட்டி. ஐ.சி.எஃப்.பில் அவர் பார்த்தது பெட்டிக்கு சீட்டுப் பொருத்தும் வேலை என்பது தெருவில் எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பானெட்டைத் திறந்து, காதைக் கொடுத்து, கண்ணை மூடி, “டேப்பட்” என்றார்.

“காலையில எடுக்கும்போதுதான் கத்துது. குரோம்பேட்டை தாண்டினா அடங்கிடுது. டேப்பட்டுன்னா நாள் பூரா கத்தாதா?” என்று வாசல்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி கேட்டாள்.

ஐ.சி.எஃப். சார் கண்ணைத் திறக்கவில்லை. “சில டேப்பட் அப்படித்தான்மா” என்றார்.

கீரை ஆய்ந்தவள் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. சிலிண்டரில் எரிந்து முடித்த புகை வெளியே வருகிற முதல் வாசல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். இன்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வார்ப்பிரும்புக் குழாய். நம் இன்ஜினுக்கு சிலிண்டர் நான்கு; புகை வாசல் மூன்றுதான். நடுவில் இருக்கும் இரண்டுக்கும் பொது வாசல். அந்த வாசல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குழாயாகி, கீழே இறங்கி, சைலன்சர் வழியாகப் பின்பக்கம் போகின்றன. ஓடும்போது அந்தப் புகையின் சூடு 600 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். குழாயில் விரிசல் இருந்தாலோ, இடுக்கை அடைக்கும் கேஸ்கட் போயிருந்தாலோ, சிலிண்டர் ஒவ்வொரு தடவை புகையைத் தள்ளும்போதும் அந்தச் சந்தில் புகை பீறிக்கொண்டு வந்து ‘டிக்’ என்னும். இரும்பு சூடாகி விரிந்தால் சந்து அடைபடும், சத்தம் குறையும். காலையில் கத்தி, குரோம்பேட்டையில் அடங்கினால் மேனிஃபோல்ட் மேல்தான் சந்தேகப்பட வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். நடு வாசல் ஓரத்தில் கரி படிந்து ஒரு கறுப்புக் கோடு.

சந்தில் காற்று வருகிறதா என்று உறுதி செய்ய ஊதுபத்தி காட்டலாம் என்றார் ஐ.சி.எஃப். சார். புகை விலகினால் லீக். “கார்புரேட்டர் பக்கத்துலயா? பெட்ரோல் பக்கத்துல ஊதுபத்தியா?” என்று மனைவி கேட்டாள். அவர் கையிலிருந்த ஊதுபத்தியைப் பிள்ளையார் மாடத்தில் செருகிவிட்டுப் போனார்.

அடுத்து எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். பாய் காரைத் தொடவில்லை. நின்ற இடத்திலிருந்தே சத்தத்தைக் கேட்டுவிட்டு, “மேனிஃபோல்ட் சார். வண்டிய விட்டுட்டுப் போங்க, பாக்கலாம்” என்றார். எவ்வளவு ஆகும் என்றேன். சொன்னார். அந்தத் தொகைக்கு வண்டியை மட்டும் இல்லை, என்னையும் சேர்த்து விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்று தோன்றியது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

யோசித்தேன். மேனிஃபோல்டைப் பிடித்திருப்பவை இன்ஜினில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆறே ஆறு ஸ்டட்டும் அவற்றின் நட்டும். ஆறு நட்டைக் கழற்றுவதற்கு இவ்வளவு காசா? பத்தாம் வகுப்பில் அறிவியலில் எண்பது மார்க் வாங்கியவன் நான்.

இந்தியா 1956இலேயே மெட்ரிக் அளவுக்கு மாறச் சட்டம் போட்டுவிட்டது. அம்பாசடருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அதன் இன்ஜினில் எல்லாம் இஞ்ச் கணக்கு. மேனிஃபோல்ட் நட்டுக்கு வேண்டியது அரை இஞ்ச் ஸ்பேனர். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். என்னிடம் இருந்த டப்பாவில் 12 இருந்தது, 13 இருந்தது. 12 நட்டின் மேல் ஏறவில்லை. 13 ஏறியது. மிச்சம் இருந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் என் கௌரவம் முழுவதும் அடங்கியிருந்தது. ஒரு திருப்புத் திருப்பினேன். ஸ்பேனர் சுற்றியது, நட்டு சுற்றவில்லை. நட்டின் ஆறு மூலையில் இரண்டு மூலை வழவழவென்று ஆகியிருந்தன. என் முட்டி ரேடியேட்டர் ஓரத்தில் போய் நின்றது.

மேனிஃபோல்டுக்கு எஃகு நட்டு போடாமல் பித்தளை நட்டு போடுவார்கள். சூட்டில் எஃகும் எஃகும் துருப்பிடித்து ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். பித்தளை அப்படி ஒட்டாது. மாமனார் இருந்தவரை பித்தளை நட்டுதான் இருந்ததாம். இடையில் யாரோ அதைக் கழற்றி எஃகு நட்டு போட்டிருந்தார்கள். பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை என்பதுதான் காரணமாக இருக்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் அரை இஞ்ச் ரிங் ஸ்பேனர் வாங்கி வந்தேன். கடைக்காரர் “என்ன வண்டி சார்?” என்று கேட்டார். அம்பாசடர் என்றதும் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

ஸ்பேனர் இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது. நட்டு அப்போதும் நகரவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும் என்பது உலகறிந்த வைத்தியம். எந்த எண்ணெய் என்பதில்தான் கட்சிகள். ஐ.சி.எஃப். சார் மண்ணெண்ணெய் கட்சி. பால்காரர் டீசல் கட்சி. மாடி வீட்டுப் பாட்டி, தேங்காய் எண்ணெயில் ஆகாத காரியம் இல்லை என்றார். நான் விஞ்ஞானத்தின் பக்கம் நின்று டபிள்யூ.டி.40 டப்பா வாங்கினேன். அமெரிக்காவில் சான் டியேகோவில் 1953இல் ராக்கெட்டு உடம்பில் துருப்பிடிக்காமல் இருக்கக் கண்டுபிடித்த சரக்கு. முப்பத்தொன்பது தடவை கலந்து பார்த்துச் சரிவராமல் நாற்பதாவது தடவை வந்ததால் அந்த நாற்பது என்று மனைவிக்கு விளக்கினேன்.

“கண்டுபிடிச்சவங்களுக்கே நாப்பது தடவை ஆச்சா?” என்று கேட்டாள். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இரவுச் சமையலை ஆரம்பித்துவிட்டாள். அதில் இருந்த அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை.

ஒரு ராத்திரி ஊறியதில் நான்கு நட்டுகள் வந்துவிட்டன. ஐந்தாவது, தீப்பெட்டி கேட்டது. நட்டைச் சூடாக்கி, மெழுகுவர்த்தியை அதன் வேரில் வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். நட்டு வழுக்கிக்கொண்டு வரும். இது பட்டறைகளில் பழைய வித்தை. அதற்கு முன்பு மனைவியின் உத்தரவுப்படி பெட்ரோல் டியூபைக் கழற்றி அடைத்து, கார்புரேட்டரை இறக்கி, காரைத் தெருவுக்குத் தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்தோம். அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல் எடை. தள்ளியது நானும் பால்காரரும். ஐ.சி.எஃப். சார் திசை சொன்னார். ஐந்தாவது வந்தது.

ஆறாவது, கடைசி ஓரத்தில், கை நுழையாத மூலையில் இருந்தது. சூடு காட்டினேன். மெழுகு வைத்தேன். ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கினேன். குல தெய்வத்தை வேண்டிக்கொண்டு இழுத்தேன். திருகியது! வெண்ணெயாக வந்தது! “பாத்தியா?” என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினேன். கையில் நட்டு இருந்தது. நட்டுக்குள் ஸ்டட்டின் பாதியும் இருந்தது. மீதிப் பாதி சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே, முகத்தோடு முகமாக, பிடித்து இழுக்க ஒரு நூல்கூட வெளியே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

தெருவில் பேச்சில்லை. ஐ.சி.எஃப். சார் மெல்ல வந்து என் தோளில் கை வைத்து, “மனசை விட்றாதீங்க தம்பி” என்றார். என் கல்யாணத்துக்குக்கூட அவர் அப்படி ஆறுதல் சொன்னதில்லை.

எப்படியோ மேனிஃபோல்ட் வெளியே வந்தது. நட்டு, வாஷர் எல்லாம் எது எங்கே இருந்தது என்று வரிசை மாறாமல் வைக்க ஒரு தட்டு தேவைப்பட்டது. இட்லித் தட்டில் குழி குழியாக இருக்கிறது. குழிக்கு ஒன்றாக வைத்தேன். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இருந்தாலும் அது போன தீபாவளிக்கு வாங்கிய புதுத் தட்டு என்பதும், அன்றைக்கு வீட்டில் இட்லி என்பதும் எனக்குத் தெரியவில்லை. ராத்திரி உப்புமா சாப்பிட்டோம்.

பழைய கேஸ்கட் இன்ஜின் பக்கம் அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஐ.சி.எஃப். சார் சமையலறைக் கத்தியால் சுரண்டி, வாயால் ஊதப் போனார். அந்தக் காலத்து கேஸ்கட்டில் கல்நார் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. புற்றுநோய் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் தெளித்து, ஈரமாக இருக்கும்போதே மெதுவாகப் பெயர்த்து, பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். இதை நான் விளக்குவதற்குள் மனைவி ஈரத் துணியோடு வந்து கத்தியைப் பிடுங்கிவிட்டாள். அவள் பிடுங்கியது கல்நாருக்காக இல்லை, கத்திக்காக. பலன் ஒன்றுதான்.

விரிசல் இப்போது நன்றாகத் தெரிந்தது. நடு வாசலில் ஆரம்பித்து ஒரு விரல் நீளம். கடையில் விற்கும் பசைக் கட்டிகள் இரண்டைப் பிசைந்து அடைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர்த் தொட்டியை அப்படித்தான் அடைத்தேன். ஆனால் தண்ணீர்த் தொட்டியில் 600 டிகிரி வருவதில்லை. அந்தப் பசை அந்தச் சூட்டில் கருகிப் பொடியாகிவிடும். எனவே புதுப்பேட்டைக்குப் புறப்பட்டோம். மேனிஃபோல்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் சொன்னேன். பர்ஸைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மனைவி சொன்னாள். இரண்டுக்குமாக அவளும் வந்தாள்.

புதுப்பேட்டை எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டி இருக்கிறது. ஒரு காரைக் கொடுத்தால் பத்து கடையில் பிரித்துக் கொடுப்பார்கள். பத்து கடையில் வாங்கி ஒரு காரைச் சேர்த்தும் விடலாம். பழைய மேனிஃபோல்ட் ஒன்று கிடைக்குமா என்று கேட்டோம். ஒரு பையன் குவியலுக்குள் தலைகீழாக இறங்கி ஒன்றை எடுத்துவந்தான். திருப்பிப் பார்த்தேன். என்னுடையதில் எந்த இடத்தில் விரிசலோ அதே இடத்தில் அதிலும் விரிசல். “இது ஒரிஜினல் சார்” என்றான் பையன்.

கடைசியில் காஸ்டிங் வெல்டிங் செய்கிற பெரியவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் மேனிஃபோல்டைக் கம்பியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல வார்ப்பு மணியாக ஒலிக்கும். விரிசல் விட்டது ‘டொக்’ என்னும். ‘டொக்’ என்றது. விரிசலின் இரண்டு முனையிலும் பொடித் துளை போட்டார். துளை போட்டால் விரிசல் அதற்கு மேல் ஓடாது. பிறகு விரிசல் நெடுகக் குழி பறித்தார். அதற்கப்புறம்தான் நெருப்புக்கே போனார்.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கரி உண்டு. அதனால்தான் அது வளையாது. கோபம் வந்தால் நேரே உடையும். ஒரு இடத்தை மட்டும் திடீரென்று சூடாக்கினால் அந்த இடம் விரியும், பக்கத்து இடம் விரியாது. பற்றவைத்த தையலுக்குப் பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். ஆகவே முழு உருப்படியையும் கரி அடுப்பில் வைத்துச் சூடேற்றினார். நிக்கல் கம்பி வைத்துக் கொஞ்சம் பற்றவைப்பார், நிறுத்துவார், சூடு ஆறுமுன் சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டுவார், மறுபடி கொஞ்சம். முடித்ததும் ஒரு தகர டிரம்மில் இருந்த சாம்பலுக்குள் மேனிஃபோல்டை முழுவதுமாகப் புதைத்துவிட்டு, “நாளைக்கு வாங்க” என்றார்.

“தண்ணி ஊத்தி ஆத்திட்டா இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடலாமே?” என்றேன்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சூடா இருக்கிற காஸ்டிங் மேல தண்ணி பட்டா என்ன ஆகும்னுதானே இவ்வளவு நேரம் பாத்தீங்க? வண்டிய மழைத் தண்ணியில ஓட்டினீங்களா?”

“போன மழைக்கு. வேளச்சேரியில. பானெட் வரைக்கும் தண்ணி. வேணாம்னு சொன்னேன்” என்றாள் மனைவி. பர்ஸைப் பிடித்துக்கொள்ள வந்தவள் சாட்சியும் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் சாம்பலில் இருந்து எடுத்த மேனிஃபோல்ட் வெதுவெதுப்பாக இருந்தது. சூட்டில் அதன் முகம் கொஞ்சம் வளைந்திருக்கும். லேத் பட்டறையில் கொடுத்து முகம் சீவ வேண்டும் என்றார் பெரியவர். தாம்பரத்தில் லேத்துக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, “இதோட ஜோடி எங்கே?” என்றார்.

ஜோடி என்றால் இன்லெட் மேனிஃபோல்ட். உள்ளே காற்றும் பெட்ரோலும் போகிற குழாய். இந்த இன்ஜினில் போகிற வழியும் வருகிற வழியும் ஒரே பக்கம், ஒரே ஸ்டட்டில். பெரும்பாலும் தனித்தனி நட்டு கிடையாது. இன்லெட்டின் காது ஒரு பக்கம், எக்ஸாஸ்டின் காது ஒரு பக்கம். நடுவில் ஒரு பெரிய வாஷர் இரண்டையும் சேர்த்து அமுக்குகிறது. சம்பந்திகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது போலத்தான்: ஒருவர் கொஞ்சம் தாழ்ந்துவிட்டால் போதும், மரியாதை முழுக்க மற்றவருக்கே போய்விடும். எக்ஸாஸ்டின் முகத்தை மட்டும் சீவினால் அதன் காது மெலிந்துபோகும். வாஷர் சாய்ந்து இன்லெட்டை மட்டும் அமுக்கும். எக்ஸாஸ்ட் மறுபடி ‘டிக் டிக்’ என்று ஆரம்பிக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துச் சீவினால்தான் கனம் சமமாக இருக்கும். லேத்துக்காரர் இதை விரலால் தடவிக் காட்டி ஒரே நிமிஷத்தில் சொன்னார். நான் வீட்டுக்குப் போய் ஜோடியை எடுத்துவந்தேன். அது சமையலறையில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

இப்போது மிச்சம் இருந்தது ஹெட்டுக்குள் புதைந்த பாதி ஸ்டட். ‘ஈஸி அவுட்’ என்று ஒரு ஆயுதம் விற்கிறார்கள். உடைந்த ஸ்டட்டின் நடுவில் துளை போட்டு, அந்த ஆயுதத்தை இடப்பக்கமாகத் திருகி இறக்கினால் ஸ்டட் தானாகச் சுழன்று வெளியே வரும் என்பது சாஸ்திரம். துளை நட்ட நடுவில் விழ வேண்டும். தப்பினால் ஹெட்டின் மரை கெடும். ஆயுதமே உள்ளே உடைந்துவிட்டால் இன்னும் மோசம். அது ஸ்டட்டைவிடக் கெட்டியான எஃகு. சாதாரண டிரில்லுக்கு மசியாது. டிரில்லைக் கையில் எடுத்து, குனிந்து, குறி பார்த்து, மூச்சைப் பிடித்தேன். மனைவி உள்ளே போய் பாய்க்கு போன் போட்டாள்.

பாய் ஸ்கூட்டரில் வந்தார். எங்கள் தெருக் கோடியில் கிரில் கேட் செய்கிற பட்டறையில் இருந்து வெல்டிங் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். உடைந்த ஸ்டட்டின் தலைமேல் ஒரு புது நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக உள்ளே பற்றவைத்தார். ஸ்டட்டும் நட்டும் ஒன்றாகிவிட்டன. அந்தச் சூட்டிலேயே துருவும் விட்டுக்கொடுத்தது. ஆறவிட்டு, ஸ்பேனரை வைத்து, கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம் என்று அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். ஒரே திசையில் இழுக்கவே இல்லை. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தவர், “சார், சைலன்சர் பிராக்கெட் உடைஞ்சு எத்தனை நாளாச்சு? மொத்த வெயிட்டும் மேனிஃபோல்ட்லதான் தொங்கியிருக்கு. யாரு இதைக் கம்பி போட்டுக் கட்டினது?” என்றார்.

மனைவியும் குனிந்து பார்த்தாள். “மொட்டைமாடியில காணாமப்போன கொடிக்கம்பி இதுதானா? வேலைக்காரம்மா மேல சந்தேகப்பட்டோமே!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஐ.சி.எஃப். சாரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

புது பிராக்கெட், புது ஸ்டட், கல்நார் இல்லாத புது கேஸ்கட், ஆறு பித்தளை நட்டு. நடுவில் இருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஒரே மூச்சில் முறுக்காமல், சுற்றுச் சுற்றாக முடுக்க வேண்டும். முடுக்கியது நான்தான், பாய் பக்கத்தில் நின்று “போதும் சார்” என்று சொன்னார். அந்த ‘போதும்’ எங்கே சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் முதலில் அவர் சொன்ன தொகை என்று அப்போது விளங்கியது.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் காரை மறுபடி தெருவுக்குத் தள்ளச் சொன்னாள் மனைவி. எங்கள் போர்ட்டிகோவுக்கு மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் தகரம் அடித்த கேட். எக்ஸாஸ்ட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு வேலை பார்த்தவர்கள் தூங்கியபடியே போயிருக்கிறார்கள். தள்ளினோம். ஐ.சி.எஃப். சார் திசை சொன்னார்.

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்தது. கூடவே மேனிஃபோல்ட் ஒட்டிய இடத்திலிருந்து குபுகுபுவென்று நீலப் புகை. இத்தனை நாள் எதற்கும் இருக்கட்டும் என்று நான் இன்ஜின் விலாவில் ஊற்றிய மண்ணெண்ணெய், டீசல், ராக்கெட்டு எண்ணெய், பாட்டி மனசு நோகக்கூடாதென்று தடவிய தேங்காய் எண்ணெய் எல்லாம் ஒன்றாகக் காய ஆரம்பித்தன. தெருவில் ஒரு பெரிய ஹோட்டலின் வாசனை எழுந்தது. “நெருப்பு!” என்று ஐ.சி.எஃப். சார் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். நானும் பாயும் மனைவியும் ஒரே குரலில் “ஊத்தாதீங்க!” என்று கத்தினோம். எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. வாளி நின்றது. புகை தானாக அடங்கியது.

சத்தம் போயே போய்விட்டது. அந்தக் காலத்துச் சோழவரம் கார்ப் பந்தயத்தில் விட்டாலும் ஓடியிருக்கும் போலிருந்தது. “ஆறினப்புறம் நட்டையெல்லாம் இன்னொரு தடவை டைட் பண்ணிடுங்க சார், கேஸ்கட் அமுங்கும்” என்று சொல்லிவிட்டு பாய் ஒரு சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். அத்தோடு பெரியவரின் கூலி, லேத்துக் கூலி, ஸ்பேனர், டப்பா, ஈஸி அவுட், புது இட்லித் தட்டு, புதுக் கொடிக்கம்பி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். பாய் முதலில் கேட்ட தொகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று மனைவி இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் தெருவில் என் அந்தஸ்து மாறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பால்காரர் தன் டி.வி.எஸ். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். “அண்ணே, ஏதோ டிக் டிக்குனு சத்தம் வருது. நீங்கதான் பாக்கணும்.” ஐ.சி.எஃப். சார் எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்து பொறாமையோடு எட்டிப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. வண்டியைத் தொடவில்லை. நின்ற இடத்திலிருந்தே தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டேன். என்ன சத்தம் என்று சுத்தமாகப் புரியவில்லை.

“வண்டிய விட்டுட்டுப் போங்க, பாக்கலாம்” என்றேன்.

பால்காரர் பரம திருப்தியோடு விட்டுவிட்டுப் போனார். உள்ளே இட்லித் தட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது.